பூச்சியமும் வெற்றிடமும்

தை மாதத்து விடியற்காலை. இரவெல்லாம் வீசிய வாடை சற்றே தணிந்திருந்தது. மன்னார்ப் பெருநிலப்பரப்பில், முருங்கனுக்கு அண்மையிலுள்ள சிற்றூர் ஒன்றின் குளக்கட்டில் இருவர் நடந்து சென்றனர். முன்னே சென்றவர் எழுபது வயதை எட்டிய ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர். ஊரவர் அவரை இன்றும் ‘மாஸ்டர்’ என்றே அழைப்பர். தோளிலே பழைய தொலைநோக்கி. சட்டைப் பையிலே பென்சில். கையிலே நீலமட்டைக் கொப்பி. பின்னே சென்றவள் பல்கலைக்கழக விடுமுறைக்கு வீடு வந்திருந்த அவருடைய பேர்த்தி.

குளக்கட்டு கிழக்கே வளைந்து மேட்டுநிலத்தோடு சேரும் மூலையில் முதிய மருதமரம் ஒன்று உண்டு. அதன் அடியிலே இருவரும் நின்றனர். ஞாயிறு முதுகுப்புறமாக இருத்தல் வேண்டும். நீரிற் படும் ஒளி கண்ணைக் கூசச் செய்யலாகாது. மனிதரைக் கண்டு புட்கள் கிளம்பாத தொலைவும் வேண்டும். இம்மூன்றும் ஒருங்கே பொருந்தும் இடம் அதுவே என்பதை மாஸ்டர் நாற்பதாண்டுகளுக்கு மேலாக அறிவார். தாமரை இலைகளின் நடுவே நீலத்தாழைக்கோழிகள் வால் துடித்து நடந்தன. பட்டமரத்திலே நீர்க்காகங்கள் சிறகு விரித்துக் காய்ந்தன. தொலைவிலே, ஆழமற்ற அலைகரையோரம், சாம்பல் நிறத்துத் தாராக் கூட்டமொன்று நீரோடு நீராக அசைந்தது. இருவரும் பேசாது எண்ணத் தொடங்கினர்.

புள்ளெண்ணுதல் எளிய செயல்போலத் தோன்றும். பத்துப் பறவைகளை எண்ணுவது எவர்க்கும் இயலும். கூட்டம் பெருகும்போதுதான் இடர்ப்பாடு தோன்றுகின்றது. முதலிற் பத்தை ஒவ்வொன்றாக எண்ணுதல் வேண்டும். அப்பத்து நீர்ப்பரப்பில் எவ்வளவு இடத்தை அடைக்கின்றது என்பதை மனத்திலே பதித்துக்கொண்டு, அவ்வளவைக் கூட்டத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை அடுக்கிக்கொண்டே செல்லுதல் வேண்டும். ஆயிரக்கணக்கிற் புட்கள் கூடியிருப்பின் நூறே அளவாகும். சேற்றுநிலப் பருந்தொன்று தாழப் பறந்தாற் போதும், கூட்டம் முழுவதும் எழுந்து சுழன்று வேறிடத்தில் இறங்கும்; எண்ணியதெல்லாம் வீணாகும்; மீண்டும் தொடங்க வேண்டும். இதனாலேயே மாஸ்டரும் பேர்த்தியும் தனித்தனியே எண்ணி, பின்னரே ஒருவர் எண்ணிக்கையை ஒருவர்க்குக் கூறுவர். இரண்டும் வெகுவாக வேறுபட்டால் மூன்றாம் முறை எண்ணப்படும்.

இக்குளத்துக்கு நீர் வரும் வழி பழைமை வாய்ந்தது. அநுராதபுரத்தைக் கடந்து வரும் மல்வத்து ஓயா, தமிழர் வாழும் நிலத்தில் அருவியாறு எனப் பெயர்பெறுகின்றது. அவ்வாற்றைத் தேக்கம் என்னுமிடத்தில் மறித்து, வாய்க்கால் வழியே கட்டுக்கரைக் குளத்துக்கு நீர் கொண்டுவரப்படுகின்றது. ஐந்தாம் நூற்றாண்டில் ஆண்ட தாதுசேனன் அமைத்ததெனக் கூறப்படும் அப்பெருங்குளம், நெடுங்காலம் பாழடைந்து கிடந்து, பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மீளவும் திருத்தப்பட்டது. அதன் நீரே சுற்றியுள்ள சிறு குளங்கள் பலவற்றுக்கும், மன்னாரின் நெல்வயல்களுக்கும் உயிர். 1954ஆம் ஆண்டிலே அது புகலிடமாகவும் பிரகடனம் செய்யப்பட்டது. மாரிமழை பெய்து, குளங்கள் நிறைந்து, காலபோகப் பயிர் பச்சை கட்டும் வேளையிலேதான் வடக்கிலிருந்து விருந்தாளிகள் வந்து சேர்கின்றன.

அவ்விருந்தாளிகள் கடந்து வரும் வழி வியப்புக்குரியது. ஊசிவால் தாராவும், நீலச்சிறகித் தாராவும், கருவால் மூக்கனும் வட ஆசியாவின் குறுகிய கோடையிலே முட்டையிட்டுக் குஞ்சு பொரித்து, நீர்நிலைகள் பனியாக உறையுமுன் தெற்கு நோக்கிப் புறப்படுகின்றன. மத்திய ஆசிய வான்வழி எனப்படும் அப்பெரும் பாதையின் தென்கோடி இலங்கை. இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையே மணல்திட்டுக்கள் தொடர்ந்து கிடக்கும் இடத்தருகே அமைந்திருத்தலால், மன்னார் அப்புட்களுக்கு ஒரு தலைவாசலாகின்றது. அண்மை ஆண்டுகளில் மன்னாரிற் பிடித்து, முதுகிலே சிறு கருவி பூட்டி விடுவிக்கப்பட்ட கடற்காகம் ஒன்று, வட இரசியாவின் யமால் குடாநாடுவரை சென்றமை அறியப்பட்டுள்ளது. மன்னார்க் கடற்கரையிற் கருவாட்டுத் துண்டுக்காகச் சண்டையிடும் பறவை, ஆட்டிக்குக் கரையிற் கூடுகட்டும் பறவையாகவும் இருக்கக்கூடும் என்பது இதனாற் புலனாகின்றது.

மாஸ்டர் 1979ஆம் ஆண்டிலே, இருபத்துநான்கு வயது இளைஞராக, இவ்வூர்ப் பாடசாலைக்கு ஆசிரியராக வந்தார். 1955ஆம் ஆண்டில் வெளிவந்த ஹென்றியின் இலங்கைப் பறவைகள் பற்றிய கைந்நூலின் பிரதியொன்று நண்பர் ஒருவர் மூலம் அவருக்குக் கிடைத்தது. நூலிலே ஆங்கிலப் பெயர் இருந்தது. இலத்தீன் பெயரும் இருந்தது. ஆனால் குளத்திலே நீந்திய பறவையை நூலின் பக்கத்தோடு பொருத்திக் காண அவருக்குத் துணைநின்றவர் நூலாசிரியர் அல்லர்; குளத்து அலைகரையில் மாடு மேய்த்துக்கொண்டிருந்த ஓர் ஊரவர். அவர் எழுதப் படிக்க அறியாதவர். எனினும் கண்ணை மூடிக்கொண்டு, தலைக்குமேற் பறந்து செல்லும் கூட்டம் எதுவெனச் சிறகொலி கொண்டே கூறுவார்.

“ஊசிவாலன் கனக்கச் சத்தம் போடாது, மாஸ்டர். அதின்ர செட்டைதான் கதைக்கும்” என்று அவர் ஒருநாள் கூறியது கொப்பியின் முதற்பக்கத்திலேயே எழுதப்பட்டிருக்கின்றது.

அன்று தொடங்கிய பழக்கம் அது. ஆண்டுதோறும் தை மாதத்திற் குறித்த நாட்களில், குறித்த மரத்தடியில் நின்று எண்ணுதல். பிற்காலத்தில், உலகெங்கும் இதே பணி இதே மாதத்தில் நடைபெறுகின்றதென்பதை மாஸ்டர் அறிந்தார். 1967ஆம் ஆண்டு முதல் அனைத்துலக நீர்ப்புட் கணிப்பும், 1987ஆம் ஆண்டு முதல் அதன் ஆசியப் பகுதியும் நடந்துவருகின்றன. சனவரி மாதம் தெரிந்தெடுக்கப்பட்டமைக்குக் காரணம் உண்டு. வரவேண்டிய புட்கள் அம்மாதத்துள் வந்து சேர்ந்துவிடும். திரும்பிச் செல்லும் காலமோ இன்னும் தொடங்கியிராது. இடம்விட்டு இடம் பெயர்தல் குறைந்த அக்காலத்திலே எண்ணினால், ஒரே பறவை இரு குளங்களில் இருமுறை எண்ணப்படும் பிழை குறையும்.

கொப்பியின் ஒவ்வொரு பக்கமும் ஒரே அமைப்பினது. நாள், மணி, காற்றின் திசை, துருசடியில் நீர்மட்டம், புள்ளின் பெயர், எண்ணிக்கை, குறிப்பு எனப் பகுக்கப்பட்டிருக்கும். குறிப்பென்னும் பகுதியிலே பறவை அல்லாதனவும் இடம்பெறும். ‘முதலை ஒன்று வான்கட்டில் வெயில் காய்ந்தது’, ‘நீர்நாயின் எச்சம், மீன் முள் கலந்தது’, ‘அலைகரைச் சேற்றிற் புள்ளிமான் அடி’ என்றவாறு. பிழையாக எழுதப்பட்ட எண் எதுவும் அழிரப்பரால் அழிக்கப்பட்டதில்லை. ஒரேயொரு கோட்டால் வெட்டப்பட்டு, அருகே சரியான எண் எழுதப்பட்டிருக்கும். வெட்டப்பட்டதும் வாசிக்கத்தக்கதாக இருத்தல் வேண்டுமென்பது மாஸ்டரின் விதி.

முதல்நாள் இரவு, அக்கொப்பியை வைத்தே பேர்த்தி ஒரு வினாவை எழுப்பினாள். பழைய எண்களையெல்லாம் கணினி அட்டவணையொன்றில் ஏற்றி, ஆண்டுவாரியாக ஒரு வரைபு கீற அவள் முயன்றுகொண்டிருந்தாள். 1979 முதல் 1990 வரை கோடு ஏறியும் இறங்கியும் சென்றது. 1991இல் அது அடித்தளத்தில் வீழ்ந்தது. அதன்பின் 2011வரை எதுவுமில்லை. கணினியோ, வெறுமையான கட்டங்களையும் பூச்சியமாகக் கொண்டு, இருபதாண்டுகளுக்கு அக்கோட்டை நிலத்தோடு நிலமாக இழுத்துச் சென்றது.

“அம்மப்பா, தொண்ணூறில எத்தினை விதமான குருவி எழுதியிருக்கிறியள். அடுத்த தையில எல்லாத்துக்கும் நேரே பூச்சியம். அந்த வருசம் ஒண்டுமே வரேல்லையோ?”

மாஸ்டர் உடனே மறுமொழி கூறவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“வந்திருக்கும்.”

“அப்ப ஏன் பூச்சியம்?”

“நான் போகேல்லை, பிள்ளை.”

1990ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் போர் மீண்டும் மூண்டது. அவ்வாண்டின் இறுதியில், மாடுகளைத் தேடிச் சென்ற அந்த மேய்ப்பர் வீடு திரும்பவில்லை. மாடுகளுட் சில திரும்பின. அவருடைய மனைவி பல இடங்களிற் கேட்டு அலைந்தாள். எவரும் கண்டதாகவும் கூறவில்லை. காணவில்லை என்றும் உறுதியாகக் கூறவில்லை. அடுத்து வந்த தை மாதத்தில் எறிகணை வீழும் ஓசை ஓயவில்லை. குளக்கட்டுக்கு எவரும் செல்லவில்லை. எண்ணும் நாள் வந்தபோது மாஸ்டர் வீட்டு விறாந்தையில் இருந்து கொப்பியை விரித்தார். புட்களின் பெயர்களை வழக்கம்போல் ஒழுங்காக எழுதினார். ஒவ்வொன்றுக்கும் நேரே பூச்சியம் இட்டார். சினமோ துயரோ, எதுவென்று அவரால் அன்றும் கூற இயலவில்லை. உலகில் எதுவும் எஞ்சியிருப்பதாக அந்நாளில் அவருக்குத் தோன்றவில்லை.

அதன்பின் எழுதப்பட்ட கொப்பிகள் இரண்டு. செல்லக்கூடிய ஆண்டுகளிற் சென்று எண்ணியவை அவற்றில் இருந்தன. 2008ஆம் ஆண்டில் ஊர் இடம்பெயர்ந்து, இடத்துக்கு இடம் மாறி, வன்னியின் கிழக்குக்கரைவரை சென்றபோது அவை தொலைந்தன. பொலித்தீனிற் சுற்றி உடுப்புப் பையின் அடியில் வைத்த பழைய கொப்பி மட்டும் தப்பியது. 2010இல் ஊர் திரும்பியபோது வீட்டுக்குக் கூரை இல்லை. குளக்கட்டை நோக்கிய பாதையோரத்தில் மிதிவெடி எச்சரிக்கைப் பலகைகள் நின்றன. அவை அகற்றப்பட்ட பின்னரே, 2011 தை மாதத்தில், மாஸ்டர் மீண்டும் மருதமரத்தடியில் நின்றார்.

பேர்த்தி சிறிது நேரம் எண்ணமிட்டுவிட்டு, “துலைஞ்ச கொப்பியளில இருந்தது உங்களுக்கு ஓரளவுக்கு ஞாபகம் இருக்குந்தானே? நீங்கள் சொல்லுங்கோ, நான் போடுறன். கோடு முறியாமல் வரும்” என்றாள்.

“ஞாபகத்தில எல்லாக் குருவியும் ஆயிரமாத்தான் நிக்கும், பிள்ளை. அதை எண்ணேலாது.”

இவ்விடத்தில் மாஸ்டரின் பிடிவாதம் வெறும் முதியவரின் பிடிவாதமெனக் கருதற்பாலதன்று. பூச்சியம் என்பது ஓர் எண். ஒருவர் சென்றார், நின்றார், கண்ணுற்றார், இல்லையெனக் கண்டார் என்பது அதன் பொருள். வெற்றிடமோ எண் அன்று. எவரும் பார்க்கவில்லை என்பதே அதன் பொருள். முன்னையது அறிவு, பின்னையது அறியாமை. அறியாமையை அறிவென எழுதினால் விளையும் தீங்கு சிறிதன்று. 1991ஆம் ஆண்டின் பொய்யான பூச்சியத்திலிருந்து கோடு தொடங்குமாயின், 2011இற் கண்ட சிறு கூட்டமும் பெருவளர்ச்சியாகத் தோன்றும். ‘போர்க்காலத்திற் புட்கள் அழிந்தன, இப்போது பெருகிவருகின்றன, கவலைக்கு இடமில்லை’ என எவரும் அவ்வரைபைக் காட்டி வாதிடலாம். உண்மையிலோ, 1980களில் இருந்ததைவிட இன்று குறைந்திருக்கலாம். பொய்ப் பூச்சியம் பழைய நிறைவை மறைத்துவிடும்.

இது ஏட்டளவில் நிற்கும் வாதமன்று. வங்காலைப் புகலிடம் 2010ஆம் ஆண்டில் ராம்சார் உடன்படிக்கையின் கீழ் அனைத்துலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக ஏற்றுக்கொள்ளப்பட்டது. அவ்வுடன்படிக்கை, இருபதாயிரம் நீர்ப்புட்களைத் தொடர்ந்து தாங்கும் இடத்தை அத்தகுதிக்கு உரியதென்கின்றது. ஓரினத்தின் மொத்தத் தொகையில் நூற்றுக்கு ஒரு பங்கைத் தாங்கும் இடத்தையும் அவ்வாறே கொள்கின்றது. இரண்டு அளவுகோல்களும் எவரோ ஒருவர் சேற்றிலே நின்று எண்ணிய எண்களின்மீதே தங்கியுள்ளன. 2020ஆம் ஆண்டில் மன்னார்த் தீவின் தென்கரையிற் ‘தம்பபவனி’ காற்றாலைகள் சுழலத் தொடங்கின. காற்றிலிருந்து மின்சாரம் பெறுதல் நாட்டுக்கு நன்று என்பதை மறுப்பார் இலர். ஆயினும் அதே காற்றிலேதான் புட்களும் வருகின்றன. எங்கே ஆலை நாட்டலாம், எங்கே ஆகாது என்ற வினா எழும்போது, ‘முன்னர் எத்தனை இருந்தன?’ என்னும் வினாவும் உடன் எழும். அதற்கு விடைகூற வல்லவை ஞாபகங்கள் அல்ல; கொப்பிகளே.

அவ்விரவு அட்டவணை திருத்தப்பட்டது. எண்ணிய ஆண்டுகளுக்கு எண். எண்ணாத ஆண்டுகளுக்கு ‘எண்ணப்படவில்லை’ என்னும் சொல். எண்ணியும் இழந்த ஆண்டுகளுக்கு ‘எண்ணப்பட்டது, பதிவு தொலைந்தது’ என்னும் சொற்கள். வரைபிலே கோடு முறிந்தது. நடுவே அகன்றதோர் இடைவெளி தோன்றியது. பேர்த்திக்கு அது முதலில் அழகற்றதாகத் தோன்றிற்று. பின்னர், அதுவே அவ்வூரின் வரலாற்றை உள்ளவாறு கூறும் பகுதியென அவள் உணர்ந்தாள்.

எஞ்சியது 1991ஆம் ஆண்டின் பக்கம். மாஸ்டர் பென்சிலை வைத்துவிட்டுப் பேனாவை எடுத்தார். பூச்சியங்கள் ஒவ்வொன்றையும் ஒரேயொரு கோட்டால் வெட்டினார். அருகே ‘எண்ணப்படவில்லை’ என எழுதினார். கீழே அன்றைய திகதியிட்டுக் கையொப்பமும் இட்டார். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தம் கையெழுத்திலேயே இருந்த பொய்யை அவர் பேர்த்தியின் முன்னிலையிற் திருத்தினார். வெட்டப்பட்ட பூச்சியங்களை இன்றும் வாசிக்கலாம்.

அவர் அவ்வாறு செய்வதற்கு வேறொரு காரணமும் இருந்தது. அதை அவர் வாய்விட்டுக் கூறவில்லை. அந்த மேய்ப்பரின் மனைவி இன்றும் அடுத்த ஒழுங்கையில் வாழ்கின்றாள். கணவர் இறந்துவிட்டதாகப் பதிந்துகொள்ளுமாறு பலரும் பலமுறை கூறினர். அவள் இணங்கவில்லை. 2016ஆம் ஆண்டில் மரணப் பதிவு பற்றிய சட்டம் திருத்தப்பட்டு, இறந்தாரெனக் கூறாது, காணப்படவில்லை என்று மட்டும் கூறும் சான்றிதழ் ஒன்றைப் பெறுவதற்கு வழி பிறந்தது. அதை மட்டும் அவள் ஏற்றுக்கொண்டாள். “பாக்காததை எப்பிடி எழுதிறது?” என அவள் அந்நாளிற் கேட்டது, விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்த மாஸ்டரின் செவியிலே தங்கியிருந்தது. எழுத்தறியாத அப்பெண் அறிந்திருந்த முறைமையை, விஞ்ஞானம் கற்பித்த தாம் ஒருமுறை மறந்துபோனமை அவர்க்கு உறுத்தியிருத்தல் வேண்டும்.

வெயில் ஏறியது. மருதமரத்தடியில் எண்ணிக்கை முடிவுற்றது. நீலச்சிறகி இருவர் கணக்கிலும் ஏறத்தாழ ஒத்து வந்தது. சீழ்க்கைத் தாரா, நாமக்கோழி, மீசை ஆலா, நீளவால் இலைக்கோழி என ஒவ்வொன்றாக எழுதப்பட்டன. ஊசிவால் தாராவை மட்டும் காணவில்லை. அவர்கள் தாமரைப் பற்றைகளின் மறைவிலும் பார்த்தனர். கட்டின் மறுமுனைவரை நடந்து அலைகரை முழுவதையும் பார்த்தனர். இரண்டு மணிநேரம் கழிந்தது. பேர்த்தி அப்பெயருக்கு நேரே பென்சிலை வைத்துக்கொண்டு தயங்கினாள்.

“பாத்தனிதானே?” என்றார் மாஸ்டர்.

“ஓம், வடிவாப் பாத்தன்.”

“அப்ப பூச்சியம் எண்டு எழுது. இது எழுதலாம்.”

அவள் எழுதினாள். குறிப்பென்னும் பகுதியில், ‘காலை 6.30 முதல் 8.30 வரை தேடப்பட்டது. கட்டின் இருமுனையும் பார்க்கப்பட்டது’ என்றும் சேர்த்தாள்.

திரும்பும் வழியிலே, அடுத்த ஒழுங்கையின் படலையடியில் முதியவள் ஒருத்தி நின்றாள். ஆண்டுதோறும் இந்நாளில் அவள் அங்கு நிற்பது வழக்கம். கொப்பியைக் கண்டதும் அவள் கேட்டாள்:

“ஊசிவாலன் வந்திட்டுதோ, மாஸ்டர்?”

“இண்டைக்குக் காணேல்லை, அக்கா. பெரிய குளத்துப் பக்கம் நிக்கக்கூடும். நாளைக்கும் போய்ப் பாப்பம்.”

அவள் தலையசைத்துவிட்டுப் படலையைச் சாத்தாமலே உள்ளே சென்றாள்.